பள்ளத்தில் பதினேழு தடவை!

ஒரு கணக்குத் தப்பாகப் போனால் போதும், எங்கள் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "தலையை வலிக்கிறது" என்பான். அதே பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரே பள்ளத்தில் பதினேழு தடவை விழுந்தான். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே எண்ணினேன். பதினெட்டாவது தடவை தாண்டிவிட்டான். தலைவலியாவது, மண்ணாவது!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். பிள்ளையைவிட மோசமான அவன் அப்பாவும் இருக்கலாம். ஆகையால் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லி வைக்கிறேன்.

விளையாட்டின் பெயர் 'தி மெஸஞ்சர்'. தூதன் என்று அர்த்தம். கனடா தேசத்தில் கியூபெக் நகரத்திலுள்ள சபோடாஜ் ஸ்டூடியோ என்ற சிறு நிறுவனம் 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் வெளியிட்டது. கதாநாயகன் ஒரு நிஞ்ஜா. அதாவது பழைய ஜப்பானில் மறைந்து திரிந்து உளவு பார்த்த வீரர் கூட்டத்தைச் சேர்ந்தவன். அசுரப் படை வந்து அவனுடைய ஊரை நாசம் செய்கிறது. ஒரு சுருளை மலை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. வழி நெடுகப் பள்ளம், முள், நெருப்பு, பேய் பிசாசு. ஒரு பொத்தானை அழுத்தினால் தாவுவான். இன்னொன்றை அழுத்தினால் கத்தி வீசுவான். ஏறக்குறைய அவ்வளவுதான் வித்தை.

படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கட்டம் கட்டமாக, கான்வாஸ் துணியில் கிராஸ் ஸ்டிச் போட்ட மாதிரி இருக்கின்றன. இந்தக் காலத்தில் இதைவிட நன்றாக வரையத் தெரியாதா என்று கேட்டேன். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்களாம். இந்த விளையாட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு.

1988-ஆம் வருஷக் கடைசியில் ஜப்பானின் டெக்மோ கம்பெனி, பாமிகாம் என்ற வீட்டு விளையாட்டு யந்திரத்துக்காக ஒரு நிஞ்ஜா கதையை வெளியிட்டது. மறு வருஷம் அது அமெரிக்காவுக்கு 'நிஞ்ஜா கெய்டன்' என்ற பெயரில் போயிற்று. அந்த யந்திரத்தில் ஓர் உருவத் துண்டுக்கு மூன்று வர்ணம்தான் கொடுக்க முடியும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? நிலா வெளிச்சத்தில் இரண்டு வீரர்கள் எதிரெதிராகப் பாய்கிறார்கள். ஒருவர் விழுகிறார். விழுந்தவருடைய மகன் ரியூவுக்கு அப்பாவின் கடிதம் கிடைக்கிறது: குடும்பக் கத்தியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போ, ஸ்மித் என்ற புதைபொருள் ஆராய்ச்சியாளரைப் பார். அப்பாவை வீழ்த்தியது யார்? ஒவ்வோர் அங்கத்தையும் ஜயித்தால்தான் கதையில் அடுத்த துளி கிடைக்கும். 'தொடரும்' போட்டு வாசகர்களைத் தவிக்க விடும் நம் தொடர்கதை ஆசிரியர்கள்கூடக் கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள். ஒரு வாரம் பொறுத்தால் அடுத்த அத்தியாயம் வந்துவிடுமே!

அந்த விளையாட்டின் கொடுமை பிரசித்தம். எதிரி தொட்டால் ரியூ பின்னால் தூக்கி எறியப்படுவான். பின்னால் சொல்லி வைத்தாற்போல் ஒரு பள்ளம் இருக்கும். வெட்டிப் போட்ட எதிரி, நீங்கள் ஓரடி பின்வாங்கி முன்னே வந்தால் புத்துயிர் பெற்று நிற்பான். பறவைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆறாவது அங்கத்தின் கடைசியில் பெரிய எதிரியிடம் தோற்றால் அந்த அங்கத்தின் ஆரம்பத்துக்கே துரத்திவிடுவார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி தொடங்கலாம் என்பது ஒன்றே சலுகை. இதையெல்லாம் வீரம் என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்னவோ, கடைசித் தண்டனை அடாவடியாகத்தான் படுகிறது.

கியூபெக்காரர்கள் அந்தப் பழைய விளையாட்டின் பேரில் பக்தி உள்ளவர்கள். ஆனால் கண்மூடிப் பக்தி இல்லை. தாவலின் துல்லியத்தை வைத்துக்கொண்டார்கள், தண்டனையை மாற்றினார்கள். தூதன் செத்தால் குவார்பிள் என்ற குட்டிப் பிசாசு வந்து காப்பாற்றி, கடைசியாகக் கடந்த எல்லையில் கொண்டுவந்து விட்டுவிடும். சும்மா அல்ல! கொஞ்ச நேரம் தலைக்குமேல் பறந்துகொண்டே, அவன் சேகரிக்கும் மணித்துண்டுகளைக் கூலியாக விழுங்கும். அவற்றைக் கொடுத்துத்தான் கடையில் புது வித்தைகள் வாங்க வேண்டும் என்பதால், கடன் உறைக்கத்தான் செய்கிறது. போதாதற்குக் கேலி வேறு பேசும். மொத்தத்தில் ஈட்டிக்காரன்தான், ஆனால் கழுத்தை நெரிக்காத ஈட்டிக்காரன்.

இன்னொரு விசேஷம். அந்தரத்தில் ஒரு விளக்கையோ எதிரியையோ வெட்டினால், அங்கிருந்தே மறுபடி ஒரு தாவல் தாவலாம். விளக்குக்கு விளக்கு தாவிப் பாதாளத்தைக் கடப்பதைப் பார்க்க நாட்டியம் போல இருக்கும். வெட்டு ஒரு கணம் தவறினால் போச்சு. யார்மேலும் பழி போட முடியாது. எங்கே தப்பு என்பது கண்ணெதிரே தெரிகிறது. பாதிக் கதையில் ஐந்நூறு வருஷம் கடந்து, படங்களும் சங்கீதமும்கூட அடுத்த தலைமுறை யந்திரத்தின் தோரணைக்கு மாறிவிடுகின்றன. 2018-ல் அமெரிக்காவில் நடந்த கேம் அவார்ட்ஸ் விழாவில், புதியவர்களின் முதல் படைப்புக்கான பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

பிள்ளையிடமே கேட்டுவிட்டேன்: "இங்கே பதினேழு தடவை விழுகிறாய். கணக்கிலே ஒரு தடவை விழுந்தால் மட்டும் ஏன் மூடி வைக்கிறாய்?"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கணக்கிலே எங்கே தப்பு என்று மறுநாள் மிஸ் சொன்னால்தான் தெரியும். அதற்குள் நீ வந்து எட்டிப் பார்ப்பாய். குவார்பிள் கேலி பண்ணும், ஆனால் அப்பாவிடம் போய்ச் சொல்லாது."

கீரைத் தட்டைக் கீழே வைத்தேன். "கொடு, நான் பார்க்கிறேன்" என்று கன்ட்ரோலரை வாங்கினேன். முதல் விளக்கிலேயே விழுந்தேன். இரண்டாம் தடவையும் விழுந்தேன். நாலாம் தடவை, பின்னால் நின்று அவன் பெருமூச்சு விடுவது காதில் விழுந்தது. விரல்கள் இன்னும் தடுமாறின. முகமெல்லாம் சூடேறியது எனக்கு.

"அம்மா, நான் வேண்டுமானால் அந்த அறையில் போய் இருக்கட்டுமா?" என்றான்.

"போ" என்றேன்.

ஒன்பதாவது தடவை மூன்று விளக்கும் தாண்டினேன், ஐயா! கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்புவதற்குள், நான் பொறுக்கிய மணித்துண்டை எல்லாம் குவார்பிள் விழுங்கிவிட்டது. பாக்கி இன்னும் தீரவில்லை.