பெட்டியில் உறங்கும் பாட்டுகள்: காக்கச் சட்டம் இல்லை

புதுதில்லி: பிடித்தமான இசைத் தொகுப்பு எது என்று ஒருவரிடம் கேட்டால், அவர் பாட்டைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திக் கொள்வதில்லை. அதை வாங்கிய ஊர், வாங்கித் தந்த உறவு, அன்றைய விலைவாசி, அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் என அனைத்தும் பேச்சில் வந்துவிடும். பல மாநிலத்தவர் பிழைப்புக்காகக் குடியேறியுள்ள தலைநகரில் இத்தகைய பேச்சுக்குப் பஞ்சமில்லை. கர்வால் மலைப்பகுதியிலிருந்து வந்தவருக்கு நரேந்திர சிங் நேகியின் ஒலிநாடா. பிகாரிலிருந்து வந்தவருக்கு போஜ்புரி பாடல்கள். தமிழருக்கு 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம்.

ஆனால், இந்த நினைவுகளுக்கு ஆதாரமான இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் காக்கும் பொறுப்பு யாருக்கு உள்ளது என்று கேட்டால், கிடைக்கும் விடை நிறைவளிப்பதாக இல்லை.

மூன்று நிமிட இசை: இந்தியாவில் வணிக நோக்கிலான ஒலிப்பதிவு 1902-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. கௌஹர் ஜான் பாடிய பாடல்கள் அவற்றில் புகழ்பெற்றவை. அக்கால இசைத்தட்டுகள் அரக்குக் கலவையால் செய்யப்பட்டவை. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பாட முடியும். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை அந்த அளவுக்குள் அடக்கக் கலைஞர்கள் பழகினர்.

நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டுகள் வந்த பிறகே 'தொகுப்பு' என்ற கருத்து முழு வடிவம் பெற்றது. சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா, பிரிஜ் பூஷண் காப்ரா ஆகிய மூவரும் இணைந்து 1967-இல் வெளியிட்ட 'கால் ஆஃப் தி வேலி' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. காஷ்மீர இடையன் ஒருவனின் ஒரு நாள் பொழுதை ராகங்களால் சொன்ன தொகுப்பு அது. அந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால் காணாத பலருக்கும் காஷ்மீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த சந்தூர் ஒலிதான். 1975-இல் வெளியான 'ஷோலே' திரைப்படத்தின் வசனங்களே தனி இசைத்தட்டாக வந்து விற்பனையில் சாதனை படைத்ததும் அக்காலத்தவர் மறவாத செய்தி.

அஞ்சலட்டையில் வந்த விருப்பம்: இசைத்தட்டு வாங்க வசதியில்லாதவர்களுக்கு வானொலியே துணை. 1950-களின் தொடக்கத்தில், மத்திய செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பாததால், அவை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தன. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டு 1957-இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ஜும்ரி தலையா என்ற மைக்கா சுரங்க நகரம், நாடு முழுவதும் அறியப்பட்டது அங்கிருந்து வானொலி நிலையங்களுக்குக் குவிந்த விருப்பக் கடிதங்களால்தான். தனக்குப் பிடித்த பாட்டை ஊரறியக் கேட்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு வலியது என்பதை அந்தச் சிற்றூர் காட்டியது.

கேசட் செய்த புரட்சி: 1980-களில் மலிவு விலை ஒலிநாடாக்கள் வந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. தில்லி தரியாகஞ்சில் பழச்சாறு கடை நடத்திய குடும்பத்தில் பிறந்த குல்ஷன் குமார், தமது டி-சீரிஸ் நிறுவனத்தின் மூலம் பெரு நிறுவனங்களின் ஆதிக்கத்தை அசைத்தார். 1990-இல் வந்த 'ஆஷிகி' பாடல்கள் வட இந்தியாவில் ஒலிக்காத தேநீர்க் கடை இல்லை எனலாம்.

இதைவிட முக்கியமான மாற்றம் வேறு. ஒலிநாடா தயாரிக்கப் பெரிய முதலீடு தேவைப்படவில்லை. எனவே, அதுவரை எவரும் பொருட்படுத்தாத மொழிகள் சந்தைக்கு வந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி போஜ்புரியைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் 5 கோடிக்கும் மேல். ஆயினும் அவர்கள் ஹிந்தி பேசுவோர் கணக்கில்தான் சேர்க்கப்பட்டனர். அரசு தனி மொழியாகக் கணக்கிடாத ஒன்றை, சிறு நகரத்து ஒலிநாடாக் கடைக்காரர் தனி மொழியாக மதித்து விற்றார்.

அரசியலும் இந்தச் சாதனத்தை விட்டுவைக்கவில்லை. அயோத்தி இயக்கம் தீவிரமடைந்த 1990-ஆம் ஆண்டையொட்டி, ஆவேச உரைகள் ஒலிநாடாக்களாக வட மாநிலங்களில் பரவின. தமிழகத்தில் நாகூர் ஹனீபாவின் கழகப் பாடல்கள் மாநாட்டுப் பந்தல்களை நிறைத்ததை நம் வாசகர்கள் அறிவர். உத்தரகண்டில், முதல்வர் என்.டி. திவாரியின் ஆட்சியை எள்ளி நகையாடி நரேந்திர சிங் நேகி 2006-இல் வெளியிட்ட கர்வாலி பாடல் தொகுப்பு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. தோல்விக்குப் பாடல் மட்டுமே காரணமல்ல. ஆனால், அந்தத் தேர்தலின் வரலாற்றை எழுதுவோர் அந்தப் பாடலை ஒதுக்கிவிட முடியாது.

எது எஞ்சும்?: ஒலிநாடாவின் ஆயுள் குறுகியது. ஈரப்பதத்தில் பூஞ்சை படரும். காந்தப் பூச்சு உதிரும். அதை ஒலிக்கச் செய்யும் கருவிகளும், பழுது பார்ப்பவர்களும் அருகி வருகின்றனர். மும்பையில் 1948 முதல் இயங்கிய 'ரிதம் ஹவுஸ்' 2016-இல் மூடப்பட்டது. இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்று சொல்லலாம். உரிமையாளர்கள் பதிவேற்றியவையே முறையாக அங்கு உள்ளன. எப்போதோ மூடப்பட்ட சிறு நிறுவனங்களின் வெளியீடுகளுக்கு அங்கு உரிமை கோர ஆளில்லை. பதிவேறிய பாட்டிலும் உறையில் அச்சிட்டிருந்த தபலா கலைஞரின் பெயரும், பதிவு ஆண்டும் பல நேரங்களில் விடுபட்டுப் போகின்றன.

புத்தகத்துக்கு இந்தக் கதி இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். பின்னர் நாளிதழ்களும் அதில் சேர்க்கப்பட்டன. ஒலிப்பதிவுகள் அதில் இல்லை.

பாதுகாப்பதற்குத் தடையும் பெரிதாக இல்லை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், வணிக நோக்கமற்ற பொது நூலகங்கள் தம்மிடம் உள்ள படைப்புகளைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கே உண்டு. ஆக, சேமிக்க அனுமதி உண்டு. சேர்ப்பிக்கக் கட்டாயம் இல்லை. நூலகத்துக்கு வந்து சேராத ஒலிநாடாவை நூலகம் எப்படிப் பாதுகாக்கும்?

என்ன செய்யலாம்?: 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பில் ஒலிப்பதிவுகளையும் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். வீடுகளிலும் கடைகளிலும் கிடக்கும் பழைய ஒலிநாடாக்களைப் பெற்று, அவற்றோடு சேர்ந்த நினைவுகளையும் குறித்துவைக்க மாநில நூலகங்கள் முன்வர வேண்டும். தில்லியில் உள்ள சங்கீத நாடக அகாதெமி, ஆகாசவாணி ஆகியவற்றின் ஆவணக் களஞ்சியங்களில் அனுபவம் இருக்கிறது. ஆனால், கிராமத்துத் திருமணப் பாட்டும் தேர்தல் பாட்டும் செவ்வியல் இசைக்கு நிகரான மதிப்புடன் அங்கு இடம்பெற வேண்டும்.

சாசனங்களைக் கல்லில் வெட்டியவர்கள் அரசர்கள். சாமானியர்களின் குரல் ஒலிநாடாவில்தான் பதிந்தது. கல் காத்திருக்கும், நாடா காத்திருக்காது.