உழவர் வீட்டில் கணக்கு உத்தியோகம்

தூத்துக்குடியில் நாடார் வங்கி 1921ஆம் ஆண்டில் தோன்றியது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறிற்று. அந்நாளில் கணக்கெழுதும் உத்தியோகத்தை நாடிய கிராமத்து இளைஞர்கள் பட்டினத்துக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. இன்றோ உத்தியோகமே ஊர் தேடி வருகிறது. கணக்கு மென்பொருளும் தயாரிக்கும் சோஹோ நிறுவனம், 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் கண்டது. 2020ஆம் ஆண்டு ஊரடங்குக்குப் பின் வீட்டிலிருந்தே பணியாற்றும் முறை பல துறைகளிலும் பரவிற்று. விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசல் நிலங்களில் வாழும் நம் இளைஞர்களுக்கும் இவ்வழி திறந்திருக்கிறது. அவ்வேலைகளுள் ஒன்றான நிதித் திட்டத் துணைவேலையைப் பற்றி இங்கே கூறுவோம்.

ஒரு குடும்பத்தின் வரவு, செலவு, கடன், காப்பீடு, சேமிப்பு ஆகியவற்றை ஆராய்ந்து, பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் வழிவகுப்பதே நிதித் திட்டம். யோசனை கூறுபவர் நகரத்தில் இருப்பார். துணைவேலை செய்பவர் ஆவணங்களைத் திரட்டி, எண்களைச் சரிபார்த்து, பட்டியலாக்கி அவருக்கு அனுப்புவார். இதற்குக் கணினியும், இணைய இணைப்பும், வணிகவியல் அறிவும், பிறர் கணக்கை வெளியிடாத நாணயமும் வேண்டும். கட்டணம் பெற்று முதலீட்டு யோசனை கூறுவோர் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுவாகச் செபியில் பதிவு பெற வேண்டும். துணைவேலை செய்வோர் அவ்வெல்லையை மீறலாகாது.

மாதச் சம்பளத்தின் அருமையை நம் கடற்கரை நன்கறியும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததில்லை. பார்களில் சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டுமே நடந்தது. 1961க்குப் பின் நின்றுபோயிற்று. மானாவாரி உளுந்தும் பாசியும் அவ்வாறே வானத்தை நம்பியவை. ஆகவே மாதந்தோறும் வரும் சம்பளம் குடும்பத்துக்குப் பெரும் ஊன்றுகோல்.

ஆயினும் அதில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. விதைக்கும் உரத்துக்கும் சம்பளத்திலிருந்து எடுத்துச் செலவிட்டு வந்தால், நிலம் லாபம் தருகிறதா, நஷ்டம் தருகிறதா என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. சம்பளம் இருக்கிறதென்ற துணிவில் கடனும் ஏறிவிடும். பிறர் குடும்பத்துக்குப் பட்டியல் போடும் பிள்ளை தன் தகப்பனாரின் நிலத்துக்குக் கணக்கு வைக்காதிருப்பது முறையாகுமா?

2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பல ஊர்களில் வயல்கள் மூழ்கின; மின்சாரமும் தொலைபேசியும் அற்றன. வயலும் கணினியும் இருவேறு தூண்களென நினைத்திருந்தோம். ஒரே மழை இரண்டையும் ஒருங்கே அசைத்துவிட்டது.

எனவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, சம்பளத்துக்கும் நிலத்துக்கும் தனித்தனிப் பேரேடு வைத்தல். நிலத்துக்குச் சம்பளத்திலிருந்து கொடுக்கும் பணத்தை நிலத்தின் கடனாகவே எழுத வேண்டும். இரண்டாவது, சில மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் ஒதுக்கிவிட்டு, கெடு முடியுமுன் பயிரைக் காப்பீடு செய்தல். 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபிப் பருவ உணவுப் பயிருக்கும் பயறு வகைக்கும் உழவர் செலுத்துவது காப்பீடு செய்த தொகையில் அதிகபட்சம் 1.5 சதவீதமே. மூன்றாவது, வரியை அறிதல். வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. ஆயினும் அதன் நிகரத் தொகை ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரிவிலக்கு வரம்பைக் கடந்தால், வரி விகிதம் காண வேளாண் வருமானமும் சேர்த்துக்கொள்ளப்படும்.

இவ்வேலை கற்ற இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலையைச் சங்கத்துக்கும் அளிக்கலாம். நெசவாளரின் நூல் கணக்கையும், உழவரின் கடன் மனுவையும், காப்பீட்டுப் படிவத்தையும் சரிபார்த்துக் கொடுக்கலாம். நகரத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் கணக்கறிவு நம் ஊர்க் குடும்பங்களுக்கும் பயன்படட்டும்.