கிளச் ஏன் விடுபடவில்லை?

கார் ஓட்டுபவர் கியர் மாற்றும்போதெல்லாம் இடது காலால் ஒரு பெடலை அமுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கிளச் பெடல். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரத்தின்மீது கிளச் தட்டை ஒரு வலுவான வில் அழுத்திக்கொண்டிருக்கிறது. இந்த உராய்வினால்தான் எஞ்சினின் சுழற்சி கியர்பெட்டிக்குச் செல்கிறது. பெடலை அமுக்கினால் தட்டு விடுபடும், கியரை மாற்றலாம்.

இங்கிலாந்தில் காரைத் தாமே வீட்டில் பூட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. காலின் சாப்மன் வடிவமைத்து 1957 இல் வெளிவந்த லோட்டஸ் செவன் என்ற சிறு கார், வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி பாகங்களாகவும் விற்கப்பட்டது. முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி பாகங்களுக்குக் கிடையாது என்பதே காரணம். 1973 இல் அந்த வரி ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை. ஒரு காரின் எஞ்சின், மற்றொன்றின் கியர்பெட்டி, வேறொன்றின் பெடல் என்று சேர்த்துப் பூட்டுபவர்களும் உண்டு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அப்படி ஒருவர் பல மாதங்கள் உழைத்துக் காரை முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை அமுக்கி, முதல் கியரைப் போடுகிறார். ‘கறக்’ என்று ஓர் ஓசை! பெடல் அடிவரை அமுங்கியிருந்தும் கார் கொட்டகைச் சுவரை நோக்கி நகர்கிறது. கிளச் முழுமையாக விடுபடவில்லை. இதே நிலையில் சாலைக்குப் போனால், சிவப்பு விளக்கில் முன்னே நிற்கும் வண்டியை இடிக்க நேரலாம். எல்லாவற்றையும் கழற்றிப் போடுமுன் சற்று யோசிப்போம்.

இந்தக் கிளச் திரவத்தால் இயங்குவது. பெடல், மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கிருந்து திரவம் குழாய் வழியே கியர்பெட்டி அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் பாய்ந்து, அதன் பிஸ்டனைத் தள்ளுகிறது. மூடிய திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவும் என்று பிளேஸ் பாஸ்கல் (1623–1662) கண்ட விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். அதே விதிதான் இங்கும் வேலை செய்கிறது.

முதல் சோதனை: பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறதா? நாலைந்து முறை விரைவாக மிதித்தால் கிளச் சரியாகிறதா? அப்படியானால் குழாயில் காற்று இருக்கிறது. திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். 3 கன செ.மீ. காற்று இருப்பதாகக் கொள்வோம். அழுத்தம் 20 மடங்கானால், பாயில் விதிப்படி அது 0.15 கன செ.மீ. ஆகிவிடும். பெடலை ஒருமுறை மிதித்தால் செல்லும் திரவமோ சுமார் 6 கன செ.மீ.தான். அதில் ஏறக்குறைய பாதி, காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது! ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் திருகு மேற்புறம் இருக்கவேண்டும். தலைகீழாகப் பூட்டிவிட்டால் மேலே தங்கும் காற்று வெளியேறாது.

இரண்டாவது சோதனை: பெடலை மிதித்தபடியே வைத்தால் அது மெல்லத் தாழ்கிறதா? வெளியே ஒழுகல் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வளையம் தேய்ந்து திரவம் பின்னோக்கிக் கசிகிறது என்று கொள்ளலாம். பட்டறைகளில் இத்திரவத்தைப் ‘பிரேக் ஆயில்’ என்பார்கள். ஆனால் அது எண்ணெய் அன்று. பெரும்பாலும் கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆனது. இதற்குப் பதில் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

நம் நண்பரின் பெடலோ கெட்டியாக இருக்கிறது, தாழவும் இல்லை. இனி அளந்து பார்க்க வேண்டியதுதான். தட்டு விடுபட ஸ்லேவ் பிஸ்டன் 20 மில்லிமீட்டர் நகரவேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் 16 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. ஏன்?

மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 16 மி.மீ.; குறுக்குப் பரப்பு 201 சதுர மி.மீ. அதன் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் 6,030 கன மி.மீ. திரவம் செல்லும். ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 22 மி.மீ.; பரப்பு 380. ஆகவே 6,030 ÷ 380 = சுமார் 16 மி.மீ. இதற்குமேல் நகர வழியே இல்லை! எந்தப் பாகமும் கெடவில்லை. இரண்டு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

19 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரைப் பூட்டினால் பரப்பு 284 ஆகும். ஸ்லேவ் பிஸ்டன் சுமார் 22 மி.மீ. நகரும். கிளச் விடுபட்டுவிடும். ஆனால் பெடலைச் சுமார் 1.4 மடங்கு விசையுடன் மிதிக்க வேண்டியிருக்கும். தூரத்தில் பெற்றதை விசையில் கொடுத்தாகவேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள். ஊசி இல்லாத 5 மில்லி, 10 மில்லி சிரிஞ்சுகள் இரண்டை மெல்லிய குழாயால் இணைத்து நீர் நிரப்புங்கள். சிறியதை அழுத்தினால் பெரியது எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் அளவுங்கள். பிறகு சிறிது காற்றை உள்ளே விட்டு, பெரியதன் தண்டை விரலால் தடுத்துக்கொண்டு மீண்டும் அழுத்துங்கள். நம் நண்பரின் காலுக்குத் தெரிய வேண்டியது உங்கள் விரலுக்கே தெரியும்.