கிராபிக்ஸ் கார்டு பழுது... ரிப்பேரா, புதுசா? மலைமேல் ஒரு கணக்கு!

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த வாரம். கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கும் ஏற்காட்டு வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று கல்யாணங்களின் ஃபுட்டேஜ் ஹார்டு டிஸ்க்கில் காத்திருக்கிறது. வெளியே மூடுபனி. எக்ஸ்போர்ட் கொடுத்த ஐந்தாவது நிமிடம் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகப் புள்ளிகள். அப்புறம் ஒரே கறுப்பு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் படம் வருகிறது. எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் மறுபடியும் கறுப்பு.

"கார்டு போயிடுச்சுப்பா" என்கிறான் மகன். "ரிப்பேருக்கு எவ்வளவு, புதுசுக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார் அப்பா.

நியாயமான கேள்விதான். ஆனால், பதில் சொல்ல வேண்டிய கடை மலைக்குக் கீழே சேலத்தில் இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கேயும் முடியாத வேலை என்றால் சென்னை ரிச்சி தெரு. ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் வேலையைத் தின்னும். அதனால், மலையில் இருப்பவர்கள் கார்டைக் கழற்றுவதற்கு முன்பே பாதி முடிவை எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

குற்றவாளி கார்டுதானா?

திரை கறுத்தால் கார்டைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம். அதற்கு முன் சந்தேகப்பட வேண்டியவை நாலைந்து உண்டு. ஹெச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். கார்டின் வேறு போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். பழைய டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்து, மின் ஒயரைப் பிடுங்கிய பிறகு கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் உட்காரும் தங்க நிற விளிம்பை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் திரும்பச் செருக வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும் ஊரில், இந்தத் துடைக்கும் வேலைக்குக் கூடுதல் மரியாதை உண்டு. ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்தால் இணைப்பு சரியாக இருக்காது.

அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ். சும்மா இருக்கும்போது ஒழுங்காக ஓடி, எடிட்டிங்கோ கேமோ தொடங்கியதும் மொத்தக் கம்ப்யூட்டரும் பொத்தென்று அணைந்துவிட்டால், கார்டைவிட பவர் சப்ளை மீது சந்தேகம் விழ வேண்டும். மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் போய் வருகிற இடத்தில் முதலில் அடிவாங்குவது அதுதான். இடி விழுந்த மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம். நண்பரின் கம்ப்யூட்டரில் கார்டை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மலைக்கென்றே ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே நின்றுபோகும் கார்டு சேலத்துக் கடை மேஜையில் அழகாக ஓடும். "நல்லாத்தானே இருக்கு" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்தால் பழைய கதை. கார்டில் குறையில்லை, வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸில்தான் குறை என்றால் அப்படித்தான் ஆகும். நேர்மாறாகவும் நடக்கும். தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன கார்டு, ஏற்காட்டுக் குளிரில் சமாளித்து ஓடிவிட்டு, சித்திரை வெயிலில் சேலத்துக் கடையில் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். (இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவிகிதம் குறைவு, ஃபேனின் வேலைத்திறன் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஊரின் குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது.) எனவே பழுது நடக்கும் நேரத்தில் திரையை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு இறங்குவது நல்லது. எந்த மெக்கானிக்குக்கும் வாய்ச்சொல்லைவிட அந்தப் பத்து விநாடி வீடியோ பயன்படும்.

எது போச்சு என்பதில்தான் எல்லாமே

கார்டுதான் குற்றவாளி என்று உறுதியானாலும், "ரிப்பேரா, புதுசா" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கார்டில் எது போனது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஃபேன் நின்றுவிட்டால், அந்த மாடலுக்கான ஃபேனை மட்டும் வாங்கி மாற்றலாம். சூடு மட்டும்தான் பிரச்னை என்றால் புது தெர்மல் பேஸ்ட்டும், மெமரி சிப்புகள் மேல் ஒட்டும் தெர்மல் பேடும் போதும். ஆனால், பேடின் தடிமன் பழையது எவ்வளவோ அவ்வளவே இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட் ஸிங்க் தூக்கிக்கொண்டு, நடுச் சிப்பை ஒழுங்காகத் தொடாமல் நிற்கும். சூட்டைக் குறைக்கப் போய்ச் சூட்டைக் கூட்டிவைத்தவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இந்த இரண்டு வேலைக்கும் யோசிக்கவே வேண்டாம், ரிப்பேர்தான்.

கார்டு உயிரே இல்லாமல் கிடந்தால், மின்சாரத்தைப் பக்குவப்படுத்திச் சிப்புக்கு அனுப்பும் பகுதியில் ஒரு மாஸ்ஃபெட்டோ கெப்பாசிட்டரோ ஷார்ட் ஆகியிருக்கலாம். மல்ட்டிமீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கக்கூடிய பழுது இது. கை தேர்ந்தவர் கிடைத்தால் நிலைத்து நிற்கும் வேலையும்கூட.

திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் வருவது பெரும்பாலும் மெமரி பக்கத்துக் கோளாறு. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி என்று எழுதியிருப்பது ஒரே துண்டாக இல்லை. தலா 2 ஜிபி கொண்ட 6 சிப்புகள். அதில் ஒன்று கெட்டாலும் கார்டு தடுமாறும். எது கெட்டது என்று சோதனை மென்பொருளில் கண்டுபிடித்து, அதை மட்டும் சூட்டில் பெயர்த்தெடுத்து, வேறு சிப் வைக்க முடியும். அதற்கான கருவியும் அனுபவமும் எல்லாக் கடையிலும் இருக்காது.

கடைசியாக, நடுவில் இருக்கும் முக்கியச் சிப்பே போய்விட்டால்? அங்கே ரிப்பேர் பேச்சை முடித்துக்கொள்ளலாம். நல்ல சிப் இன்னொரு கார்டிலிருந்துதான் வர வேண்டும். அதற்கு அந்த இன்னொரு கார்டையே வாங்கிவிடலாம்.

"ஓவன்ல வெச்சு சூடு பண்ணா சரியாயிடும்" என்று யூடியூப் பார்த்துச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வைத்தியம் பிரபலமானதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் சில லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகள் வழக்கத்துக்கு மீறிப் பழுதாவதை ஒப்புக்கொண்டு, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கப்போவதாக அறிவித்தது. சிப்பைப் பொதிந்திருந்த பொருளின் பலவீனம்தான் காரணம். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, உள்ளே இருந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. அப்படிப்பட்ட சிப்பைச் சூடாக்கினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். சில நாளோ சில வாரமோ ஓடும். பிறகு மறுபடி கறுப்புத் திரை. தவிர, இன்றைய கார்டுகளில் உள்ள ஈயம் கலக்காத சால்டர் உருக 217 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் கெப்பாசிட்டரும் பிளாஸ்டிக் போர்ட்டும் என்ன பாடுபடும்? கேக் செய்யும் ஓவனில் அந்தப் புகையை விடுவதை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். சில கடைகள் ஹாட் ஏர் கன்னை வைத்து இதே வேலையைச் செய்துவிட்டு, 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பில் போடுகின்றன. "எந்தப் பார்ட்டை மாத்துனீங்கண்ணா?" என்ற ஒரு கேள்வி போதும். மாற்றிய பாகத்தைக் காட்ட முடியாதவரிடம் மூன்று மாத கேரன்டி எதிர்பார்க்க முடியாது.

வாங்கிய விலையை மறந்துவிட்டு...

கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான். ஆர்டிஎக்ஸ் 3060 வெளியானது 2021 பிப்ரவரியில். அறிவிக்கப்பட்ட விலை 329 டாலர். கொரோனாக் காலத் தட்டுப்பாடும் கிரிப்டோ மைனிங்கும் சேர்ந்துகொள்ள, அந்த விலைக்குக் கார்டு கிடைக்கவில்லை. நகையை அடகு வைத்து, கடைக்காரர் சொன்ன விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. அந்தக் கார்டுகளுக்கு வழக்கமான மூன்று வருட வாரன்டி முடிந்துவிட்டது. இப்போது பழுதாகும்போது, "அவ்வளவு கொடுத்து வாங்கினது, எப்படித் தூக்கிப்போடுறது?" என்று மனசு அடித்துக்கொள்கிறது. அந்தப் பணம் 2021-லேயே போய்விட்டது.

அப்பா பார்க்க வேண்டிய விலை வேறு. அதே வேலையைச் செய்யும் கார்டு இன்று பழைய சந்தையில் என்ன விலை? அது 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 4,000 ரூபாய் ரிப்பேர் லாபம்தான். 9,000 கேட்டால், அதுவும் மூன்று மாத கேரன்டிக்குள், யோசிக்க வேண்டும். இதோடு இரண்டு முறை சேலம் போய்வரும் செலவையும், நின்றுபோன வேலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆல்பம் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் போன் செய்துகொண்டே இருக்கும்போது, பத்து நாள் தாமதத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

கார்டின் வயதையும் பார்க்க வேண்டும். 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு வழக்கமான கேம் டிரைவர் வெளியீடுகள் 2025 அக்டோபரோடு நிறுத்தப்படும் என்றும், 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டுமே வரும் என்றும் என்விடியா அறிவித்தது. அந்த வரிசைக் கார்டில் ஃபேன் மாற்றலாம். மெமரி சிப் மாற்றப் பெரிய தொகை கொடுப்பது வீண். இன்னொரு பக்கம், புதுசு வாங்குவதும் முன்போல லேசாக இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்ள, 2025 கடைசியில் மெமரி விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த 'க்ரூஷியல்' பிராண்டையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டிலும் மெமரி ஒரு பெரிய செலவு. நாலைந்து வயதுக் கார்டை ரிப்பேர் செய்வதற்கு இதனால் கொஞ்சம் பலம் கூடியிருக்கிறது.

பழைய கார்டு வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் நாணயம் மைனிங்கே தேவைப்படாத முறைக்கு மாறியது. அதுவரை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. துடைத்துப் பளபளப்பாக்கினால் வித்தியாசமே தெரியாது. விற்பவர் கண்ணெதிரே அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லாமல் காசு கொடுக்கக் கூடாது.

இறங்கும் முன்பு

முடிவு எதுவானாலும் சிபியூவை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. பெரிய கார்டுகள் ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஸ்லாட்டில் தொங்கியபடி 20 வளைவுகளில் குலுங்கினால், கொக்கி மாட்டும் மூலையில் போர்டு விரிசல் விடலாம். சின்னப் பழுதைச் சரிசெய்யப் போய்ப் பெரிய பழுதோடு சேலத்தில் இறங்க வேண்டியதாகிவிடும். கார்டைத் தனியே கழற்றி, ஆன்ட்டி-ஸ்டாட்டிக் கவரில் போட்டு, வாங்கியபோது வந்த டப்பாவிலேயே எடுத்துச் செல்வது நல்லது.

வாரன்டி மிச்சமிருந்தால் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது. பில்லையும் சீரியல் நம்பரையும் எடுத்துக்கொண்டு நேராகச் சர்வீஸ் சென்டர். அங்கே இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. சர்வீஸ், வாரன்டி விவரங்களைப் பங்கேற்கும் நிறுவனங்கள் அதில் வெளியிடுகின்றன. உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன சிப்பின் பெயரைச் சொல்லும் சர்க்யூட் வரைபடம் மட்டும் இன்னும் சாதாரணக் கடைக்காரர் கைக்கு எளிதில் வருவதில்லை.

கார்டு ஊரில் இல்லாத நாள்களில் வேலை மொத்தமாக நிற்க வேண்டும் என்பதில்லை. புராசஸரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிப் பணியைத் தொடரலாம். வேகம் குறையும், கட்டிங் வேலையாவது ஓடும். இன்டெல் மாடல் எண் 'எஃப்' என்று முடிந்தால் அந்த வசதி இல்லை.

ரிப்பேர் முடிந்து கைக்கு வந்ததும் கடையிலேயே முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். டெஸ்க்டாப் படம் தெரிந்தாலே போதும் என்று மலை ஏறிவிட்டால், பழுது எக்ஸ்போர்ட் பட்டனுக்காக வீட்டில் காத்திருக்கும்.

ஒருவேளை உயிர் பிழைக்காது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டாலும் கார்டை அவரிடம் சும்மா விட்டுவிட்டு வரத் தேவையில்லை. முக்கியச் சிப் போன கார்டிலும் நல்ல மெமரி சிப்புகள், மாஸ்ஃபெட்கள், ஃபேன், ஹீட் ஸிங்க் இருக்கும். அடுத்தவர் கார்டுக்கு உதிரி பாகம் அதிலிருந்துதான் வருகிறது. அதனால் அதற்கும் ஒரு விலை கேட்கலாம். புதுக் கார்டின் பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம்.