சித்திரத் துண்டுகள்

எமது பெரியப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலரை நாமே கணினியில் அமைத்தோம். துணைநின்றது, 2013ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்ற கான்வா என்னும் இணைய வடிவமைப்புத் தளம்.

குத்துவிளக்கு, தாமரை, கொடி, சட்டகம் எனச் சித்திரத் துண்டுகள் அங்கே மலிந்து கிடக்கின்றன. வேண்டியதைத் தேடி எடுத்துத் தாளின்மேல் இழுத்து வைக்கலாம். கிரீடக் குறியிட்டவற்றுக்குப் பணம் செலுத்த வேண்டும். நிற்க.

இத்துண்டுகள் யாவும் ஓரினத்தன அல்ல. கோடும் வளைவும் கணிதக் குறிப்பாய் அமைந்தவை ஓரினம். எவ்வளவு பெருப்பித்தாலும் இவற்றின் விளிம்பு கலங்காது. பலவற்றின் நிறத்தையும் மாற்றலாம். புகைப்படமோ நிறப் புள்ளிகளின் கூட்டம். பெருப்பிக்குந்தோறும் புள்ளிகளும் பெருக்கும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பர். 600 புள்ளி அகலமுள்ள படம் 2 அங்குலத்துக்கே போதும்.

இதனை அறியாது, கைத்தொலைபேசியில் வந்த சிறு படத்தை முழுப் பக்கத்துக்கு விரித்தோம். திரையில் ஒருவாறு தெரிந்த முகம் அச்சில் மங்கிப்போயிற்று. பெரியம்மா தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவரிடம் வேறு படமும் இல்லை.

மறுநாள் படத்தை 2 அங்குலமாய்ச் சுருக்கி, சுற்றிலும் கொடியை வளைத்து, கீழே விளக்கொன்றை வைத்து மீண்டும் அச்சிட்டோம். பெரியம்மா அம்மலரைச் சாமியறையில் வைத்திருக்கிறார்.