கையில் உள்ள பணமும் காரின் வேகமும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட முடிவு. ஆற்றுக்கே இவ்விதி என்றால், மோட்டார் காருக்கு இடும் பணத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? எவ்வளவு போட்டாலும் நிரம்பாத பாத்திரம் அது. ஆயினும், எங்கே போடுவது, எதை முதலிற் போடுவது என்று அறிந்து போட்டால், சிறு தொகையும் பெரும் பயன் தரும் என்பதை இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

இக்கேள்வி இன்று நம் நாட்டில் பல வீடுகளில் எழுந்துள்ளது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும் பழைய கார்களைப் பேணியே குடும்பங்கள் காலங் கழித்தன. கதவு திறந்த பின்னரும், வரிச்சுமையினால் புதிய கார் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை. ஆகவே, வீட்டில் நிற்கும் காரையே சற்று வலுவுடையதாக்கினால் என்ன என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. மலையேறும்போது கார் மூச்சுத் திணறுகின்றதே என்பது தந்தையின் கவலை. நண்பனின் காரைப்போல உறுமும் சைலன்சர் ஒன்று வேண்டும் என்பது மகனின் ஆசை. இருப்பதோ ஒரே தொகை; அதிலும் பாதி பிள்ளைகளின் படிப்புக்கென்று தாயார் ஒதுக்கி வைத்தது. இந்நிலையில் எதைத் தெரிவது?

இழந்ததை மீட்பதே முதற்படி

புதிதாக வலுவை வாங்க எண்ணுமுன், காரிடம் பிறவியிலேயே இருந்த வலு இன்றும் இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். பல்லாண்டு ஓடிய கார் தன் வலுவிற் கணிசமான பகுதியை மெல்ல மெல்ல இழந்திருக்கும். இழப்பு நாளொன்றுக்குச் சிறிதாகையால், ஓட்டுபவர் அதனை உணர்வதில்லை.

எஞ்சின் கேட்பவை மூன்றே. காற்றும் எரிபொருளும் உரிய அளவிற் கலந்திருக்க வேண்டும். உரிய கணத்தில் பொறி பிறக்கவேண்டும். உள்ளே அமுக்கப்படும் கலவை வெளியே கசியாதிருக்க வேண்டும். தூசியடைந்த காற்று வடிகட்டி முதலாவதைக் கெடுக்கும். தேய்ந்த பிளக்கும், பிழையான இக்னிஷன் நேரமும் இரண்டாவதைக் கெடுக்கும். வால்வுகள் சரிவர மூடாவிடின் மூன்றாவது கெடும். பழைய மொறிஸ் மைனரின் எஞ்சினில் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வால்வு இடைவெளி 0.012 அங்குலம். இவற்றை அளக்கும் தகட்டின் விலை அற்பமே. சிலிண்டர் ஒவ்வொன்றினதும் அமுக்கத்தை அளந்து பார்த்தால், எஞ்சினின் உடல்நலம் அரை மணி நேரத்திற் புலப்பட்டுவிடும். ஒரு சிலிண்டர் மாத்திரம் ஏனையவற்றிலும் மிகத் தாழ்ந்திருந்தால், அழகுப் பொருள்களை வாங்கும் எண்ணத்தை அன்றே கைவிடுதல் நன்று.

இன்னொன்றும் உண்டு. சக்கரங்களைத் தரையினின்றும் உயர்த்திக் கையாற் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிறேக் விடாமற் பிடித்துக்கொண்டிருந்தால், எஞ்சின் ஈட்டும் வலுவை பிறேக்கே தின்றுகொண்டிருக்கும். டயரிற் காற்றுக் குறைந்திருப்பினும் இதே நட்டந்தான்.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரத் தடையிருந்த காலத்தில், அங்குள்ள கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எஞ்சினில் முட்டல் ஒலியை எழுப்பும். எரியாது எஞ்சியது கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். இவ்வளவு தீமைகளையும் சமாளித்துப் பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் ஓடவைத்தவர்கள், புதிய பாகங்களை நம்பியவர்களல்லர். எஞ்சின் கேட்கும் மூன்றினையும் அறிந்தவர்கள். குறைந்த பணத்தில் காரை மேம்படுத்த விரும்புவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம் அதுவே.

தொழிற்சாலை காட்டிய வழி

இழந்தது மீண்ட பின்னரே, மேலும் வலு வேண்டுமா என்ற கேள்விக்கு இடமுண்டு. இதற்கு மொறிஸ் மைனரின் வரலாறே நல்ல வழிகாட்டி. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இக்கார் 1948இல் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் வெளிவந்தது. 1956இல் எஞ்சின் 948 ஆகி 37 குதிரைவலு தந்தது. 1962இல் 1098 ஆகி 48 குதிரைவலு தந்தது. இவ்வளவும் கார்ப் பிரியர் பலரும் அறிந்ததே. ஆனால் அந்த 1962ஆம் ஆண்டில் தொழிற்சாலையார் இன்னொன்றும் செய்தனர். முன்சக்கர பிறேக் ட்ரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கினர். ஓட்டும் வலுவைக் கூட்டியவர்கள், நிறுத்தும் வலுவையும் உடன் கூட்டினர்.

இதே இசிகோனிஸ் வடிவமைத்த மினியின் கதையும் அதுவே. 848 கன சென்ரிமீற்றரும் 34 குதிரைவலுவும் கொண்ட அச்சிறு கார், ஜோன் கூப்பரின் யோசனைப்படி 1961இல் 997 கன சென்ரிமீற்றரும் 55 குதிரைவலுவும் உடையதாயிற்று. அப்போது முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக்கும் பூட்டப்பட்டது. அவ்வழியில் வளர்ந்த மினி கூப்பர் எஸ், 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொண்டிக் கார்லோ போட்டியில் தன்னிலும் பெரிய கார்களை வென்றது. வலுவினால் மாத்திரம் வென்றதன்று. வளைவிலும் இறக்கத்திலும் தன்னை அடக்கிக்கொள்ளும் ஆற்றலாலும் வென்றது.

பணச் சிக்கனத்துக்கும் இவ்வரலாறு உதவும். ஒரு காரின் பிந்திய மாதிரியில் தொழிற்சாலையே இட்ட பாகங்கள், முந்திய மாதிரிக்கும் பெரும்பாலும் பொருந்தும். 948 மைனர் வைத்திருப்பவர் 1098இன் பிறேக்கைத் தேடலாம். அப்பாகங்கள் பல்லாண்டு ஓடிச் சோதிக்கப்பட்டவை. பெயரறியாத உற்பத்தியாளரின் பளபளப்பான பெட்டியிலும் இவை நம்பத்தக்கவை. சப்பானியக் கார்களுக்கும் இவ்விதி பெரிதும் பொருந்தும்.

வேகத்தின் கணக்கு

மாணவர்கள் சற்றுக் கவனிக்கவேண்டிய கணக்கொன்று உண்டு. காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் வலு, வேகத்தின் மும்மடிக்கேற்ப உயர்கின்றது. ஆகையால் எஞ்சினின் வலுவை 37இலிருந்து 48 ஆக, அதாவது 30 சதவீதம், உயர்த்தினாலும் உச்ச வேகம் 10 சதவீதங்கூட உயராது. மறுபுறத்தில், நிறுத்தும் தூரம் வேகத்தின் இருமடிக்கேற்ப நீள்கின்றது. மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் கார் 70இல் ஓடினால், வேகம் 40 சதவீதமே கூடியது. பிறேக் பிடித்தபின் கார் செல்லும் தூரமோ ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதன்மேல், கண் கண்டதைக் கால் உணர்ந்து பிறேக்கை மிதிக்க ஒரு கணம் செல்லுமாயின், அந்த ஒரு கணத்தில் கார் 19 மீற்றரைக் கடந்துவிடும்.

வேகத்தை வாங்குவது கடினம். வாங்கிய வேகத்தை அடக்குவது அதனிலும் கடினம் என்பதே இக்கணக்கின் பொருள். நம் நாட்டுச் சாதாரண வீதிகளில் கார்களுக்குள்ள எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைகளில் 50. ஆதலால் நமக்கு வேண்டியது உச்ச வேகமன்று. மேட்டில் ஏறுதற்கும், முன்செல்லும் வண்டியை விரைவாகக் கடத்தற்கும் உதவும் வலுவே.

அவ்வலுவைக் காசின்றிப் பெறவும் வழியுண்டு. மைனரின் எடை ஏறக்குறைய 760 கிலோ. ஐவர் ஏறினால் 300 கிலோ கூடும். பின்பெட்டியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பழைய இரும்பும், தேவையற்ற மூட்டைகளும் 40 கிலோ இருக்குமாயின், அவற்றை இறக்கி வைப்பது ஒரு ரூபாயுஞ் செலவில்லாத மேம்பாடு.

டயரும் பிறேக்கும்

கார் எவ்வளவு பெரிதாயினும், வீதியைத் தொட்டுக்கொண்டிருப்பது நான்கு டயர்களின் உள்ளங்கையளவு பகுதியே. எஞ்சினின் வலுவும், பிறேக்கின் பிடியும், ஸ்ரியரிங்கின் திருப்பமும் அந்நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே வீதியை அடைகின்றன. ஆகவே, முதற் பெருஞ்செலவு டயருக்கே உரியது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். மேலே பள்ளங்கள் ஆழமாயிருப்பினும், பல்லாண்டு சென்ற டயரின் இறப்பர் இறுகிவிடும். மழை நாளில் அது வீதியைப் பற்றாது. மலிவென்று பழைய டயரை வாங்குவோர் இவ்விலக்கங்களைப் பாராது பணங்கொடுக்கலாகாது.

அடுத்தது பிறேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை தாழும். நுவரெலியாவிலிருந்து கம்பளை நோக்கி இறங்கும்போது, இடைவிடாது பிறேக்கை மிதித்தால் அது கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்குமாதலால், மிதிபலகை அடிமட்டத்துக்குச் சென்றும் கார் நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை மாற்றும் செலவு, ஒரு புதிய சைலன்சரின் விலைக்கு முன் ஒரு பொருட்டன்று. அச்செலவைத் தவிர்த்த குடும்பம் இழக்கக்கூடியதோ விலை மதிக்க முடியாதது.

சமதரையும் மலைநாடும்

ஒரே மேம்பாடு எல்லா ஊருக்கும் ஏற்றதன்று. 948 மைனரின் டிபரன்ஷல் விகிதம் 4.55, 1098இன் விகிதம் 4.22. எண் குறைந்தால், அதே வேகத்துக்கு எஞ்சின் சுழலும் தடவைகள் குறையும், ஓட்டம் அமைதியாகும், எரிபொருளும் மிஞ்சும். யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஓடுபவருக்கு இது நன்மையே. கடுகண்ணாவை ஏற்றத்தில் அடிக்கடி ஏறுபவருக்கோ பழைய விகிதமே துணை. மேலும் மலையுச்சியிற் காற்று அடர்த்தி குன்றியது. கடல் மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில், சாதாரண எஞ்சின் தன் வலுவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை இழக்கும். அங்கு கார் திணறுவது நோயன்று, இயற்கை. அதற்கென்று மெக்கானிக்கிடம் பணங்கொடுப்பது வீண்.

ஏமாற்றும் பொருள்கள்

உறுமும் சைலன்சர் ஒலியைத் தரும். வலுவைத் தருவது அரிது. திறந்த காற்று வடிகட்டி, எஞ்சினருகேயுள்ள சூடான காற்றை இழுக்குமாயின், வலு குறையவுங் கூடும். ஒக்டேன் 95 பெற்றோல் முட்டலைத் தடுப்பதன்றி, 92 போதுமான எஞ்சினுக்குப் புதுவலுவை ஊட்டாது. சுருள்வில்லை வெட்டிக் காரைத் தாழ்த்துவது மலிவான வேலை; வளைவில் நிலைகுலையச் செய்யும் வேலையும் அதுவே. இக்காலக் கார்களில் எஞ்சினை ஆளும் கணினியின் கணக்கை மாற்றித் தருவோர் உளர். டர்போ உள்ள எஞ்சினில் அதனாற் பயன் தெரியும். டர்போ இல்லாத சிறு எஞ்சினில் கொடுத்த பணத்துக்குத் தக்க பயன் காணல் அரிது. எஞ்சினையே மாற்ற நினைப்போர், அதன் இலக்கம் வாகனப் பதிவில் உள்ளதென்பதை மறவாது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் காப்புறுதியாளருக்கும் அறிவித்தல் வேண்டும். அறிவிக்காத மாற்றம், விபத்து நாளில் நட்டஈட்டுக்குத் தடையாகலாம்.

பணத்தைப் பங்கிடுதல்

முடிவாக, செலவிடக்கூடிய தொகையை நூறு பங்காக எண்ணுவோம். இருபது பங்கு எஞ்சினின் இழந்த வலுவை மீட்பதற்கு. நாற்பது பங்கு டயருக்கும் பிறேக்குக்கும். பதினைந்து பங்கு ஷொக் அப்சோர்பருக்கும் ஸ்ரியரிங் மூட்டுக்களுக்கும். எஞ்சிய இருபத்தைந்து பங்கே புதிய வலுவுக்கு உரியது. முதல் மூன்றும் முடிந்தபின் காரை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தல் நலம். எதிர்பார்த்த வலு அதற்குள்ளேயே திரும்பி வந்திருப்பதைக் காண்போர் பலர். அப்போது அந்த இருபத்தைந்து பங்கும் வீட்டுக்கே மிஞ்சும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. காரைப் பற்றிய ஆசை இழுக்கன்று. அதை அறிவாக மாற்றிக்கொள்வது உங்கள் கையில் உள்ளது. தகட்டையும் திருகாணிச் சாவியையும் எடுத்து, வால்வு இடைவெளியை நீங்களே அளக்கப் பழகுங்கள். பெற்றோரும் பிள்ளைகளின் ஆசையை அடியோடு மறுக்காது, வீட்டுக் காரின் பிறேக்கையும் டயரையும் மாதந்தோறும் சோதிக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்துப் பாருங்கள். வீட்டார் அனைவரும் ஏறிச்செல்லும் காரைத் தன் கையாற் பேணியவன், அதனை ஓட்டும்போதும் அப்பொறுப்பை மறவான்.