பெட்டிக்கு விலையா, நாணயத்துக்கு விலையா?

பரீட்சைத் தாள்களைத் திருத்திப் பழகியவர்கள் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வார்கள். மார்க்கு என்பது பையனுடைய அறிவை மட்டும் காட்டுவதன்று. திருத்தியவர் தாராளக்காரரா, கருமியா என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. ஆகையால், அமெரிக்காவில் பழைய நாணயங்களுக்கு மார்க்குப் போடுகிறார்கள் என்றும், மார்க்குச் சீட்டு அடங்கிய பெட்டிக்கே தனி விலை கொடுக்கிறார்கள் என்றும் அறிந்தபோது, உபாத்தியாயராகிய நமக்கு வியப்பைக் காட்டிலும் அநுதாபமே மிகுதியாக உண்டாயிற்று.

இந்த மார்க்கு முறைக்கு மூலபுருஷர் வில்லியம் ஷெல்டன் என்பவர். அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளைப் பற்றி 1949-ல் அவர் வெளியிட்ட நூலில், 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். தேய்ந்து உருத்தெரியாமற் போன காசுக்கு 1; மாசு மறுவற்ற காசுக்கு 70. 70 வாங்கிய காசு, 1 வாங்கியதைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் போட்ட கணக்கு. சந்தை அந்தக் கணக்கை நெடுநாள் மதிக்கவில்லை. ஆனால் மார்க்கு மட்டும் நிலைத்துவிட்டது.

மார்க்குப் போடுவது யார் என்பதே அடுத்த வழக்கு. விற்கும்போது ஒரு மார்க்கும் வாங்கும்போது வேறொரு மார்க்கும் சொல்வது வியாபாரிக்கு எளிது. இதற்குப் பரிகாரமாக 1986-ல் பி.ஸி.ஜி.எஸ். என்ற ஸ்தாபனமும், 1987-ல் என்.ஜி.ஸி. என்ற ஸ்தாபனமும் தோன்றின. இவை நாணயத்தைப் பரிசோதித்து, மார்க்கு எழுதிய சீட்டுடன் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி முத்திரையிட்டுவிடும். உடைத்தாலன்றித் திறக்க இயலாது.

பெட்டியின் உருவம் காலத்துக்குக் காலம் மாறிவந்தது. பி.ஸி.ஜி.எஸ். 1989 வரை செய்த முதற் பெட்டிகளை ஆட்டினால் உள்ளே கலகலவென்று ஓசை கேட்கும். அதனால் அவற்றுக்குக் ‘கிலுகிலுப்பை’ என்றே பெயர் வந்துவிட்டது! என்.ஜி.ஸி. 1987-ல் சில மாதங்களே வழங்கிய கறுப்புப் பெட்டி இன்னும் அரியது. அதற்குள் இருப்பது சாதாரண வெள்ளி டாலராயினும், அந்த டாலரைப்போல் பன்மடங்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது.

இந்தக் கிராக்கிக்குக் காரணம் இரண்டு. முதலாவது, அக்காலத்துப் பரீட்சகர்கள் கருமிகள் என்ற நம்பிக்கை. அன்று 64 வாங்கிய நாணயத்தை இன்று மறுபடி அனுப்பினால் 65 கிடைக்கலாம். அந்த ஒரு மார்க்கில் விலை எங்கேயோ போய்விடலாம். இரண்டாவது, பெட்டியே ஒரு பழம்பொருளாகிவிட்டமை. ஒருவர் ஒன்றை உடைக்குந்தோறும் எஞ்சியவை மேலும் அரியவாகின்றன.

இங்கேதான் கண்ணி இருக்கிறது. புதிய மார்க்கு வேண்டுமானால் பழைய பெட்டி போய்விடுகிறது. பெட்டி வேண்டுமானால் புதிய மார்க்கு இல்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா? அன்றியும், இத்தனை ஆண்டுகளில் கைதேர்ந்த வியாபாரிகள் உயர்மார்க்குக்குத் தகுந்த பல நாணயங்களைப் பொறுக்கி எடுத்து, பெட்டியை உடைத்து ஆதாயம் பார்த்துவிட்டார்கள். இன்று நம்மிடம் வந்து சேரும் பெட்டி, அவர்கள் பார்த்துவிட்டுத் தள்ளியதாகவும் இருக்கலாமல்லவா?

2007-ல் ஸி.ஏ.ஸி. என்ற மேற்பரீட்சகர் சபை ஒன்று ஏற்பட்டது. மார்க்கு சரியானதென்று கண்டால் அது பெட்டியின்மேல் பச்சை வில்லை ஒட்டும்; நாணயம் பெற்ற மார்க்குக்கும் மேற்பட்டதென்று கண்டால் பொன்னிற வில்லை ஒட்டும். அப்போது ஏறும் விலை நாணயத்தின் குணத்துக்கு, பெட்டியின் வயதுக்கன்று.

விகிதத்தையும் பார்க்க வேண்டும். 1881-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ சாலையில் அடித்த வெள்ளி டாலர் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல். நல்ல நிலையிலுள்ளவை ஏராளம். அதைக் கிலுகிலுப்பையில் வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு பிளாஸ்டிக்குக்கே. ஆனால் 1794-ஆம் வருஷத்து வெள்ளி டாலர் ஒன்று 2013-ல் ஒரு கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்றே, அதைப் பெட்டிக்காகவா வாங்கினார்கள்?

கணவரோ தந்தையோ சேர்த்துவைத்துப் போன பெட்டிகளை விற்க நேரும் குடும்பத்தினருக்கே இந்த விவரம் மிகவும் வேண்டியது. கீறல் விழுந்த பழம் பெட்டி என்று உடைத்துவிட்டால், போனது போனதுதான். வாங்குகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: போலி நாணயம் போதாதென்று போலிப் பெட்டியும் சந்தைக்கு வந்துவிட்டது. சீட்டிலுள்ள எண்ணை ஸ்தாபனத்தின் பதிவோடு ஒத்துப்பார்க்காமல் பணம் கொடுத்தலாகாது.

ஆக, அரிய பெட்டி விலையைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. நாணயத்தின் தரத்தை அது அணுவளவும் கூட்டுவதில்லை. பெட்டியை விரும்புகிறவர் பெட்டிக்கென்றே அறிந்து பணம் கொடுக்கட்டும், அதில் குற்றமில்லை. நாணயத்தை விரும்புகிறவரோ, சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நாணயத்தைப் பார்க்கட்டும். மார்க்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பையனைப் பார்க்கத் தெரிந்தவனே உபாத்தியாயன் என்று நாம் எண்ணுவதும் இதனாலேதான்.